வேகாத முட்டைக்குத்தான் எண்ணிக்கை

சமையல்காரர் லட்சுமணன் மலையை விட்டுப் போனது 1979 தை மாதம், பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை. தங்கை கல்யாணத்துக்குப் போவதாகத்தான் சொன்னார். ஆனால் போளூர் பஸ்ஸில் ஏறும்போது கையில் பெட்டியோடு தலையணையும் இருந்தது. கல்யாணத்துக்குத் தலையணை எடுத்துப் போகிறவர் திரும்பி வரமாட்டார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொண்ட வடிவேலு சாருக்கு மட்டும் புரியவில்லை. "திங்கக்கிழமை வந்துடுப்பா" என்று கையசைத்தார்.

"அவரு எங்க சாரு வரப்போறாரு" என்றாள் பாத்திரம் கழுவும் செல்லி. "குளுருது குளுருதுன்னு கம்பளிக்குள்ளயே இருந்தவரு. பஸ்ஸு ஏறினதும் மூஞ்சியில சிரிப்பப் பாத்தீங்களா? கல்யாணம் தங்கச்சிக்கா அவருக்கான்னு தெரியல."

திங்கள்கிழமை வந்தது. லட்சுமணன் வரவில்லை.

ஜவ்வாது மலையில் நட்சத்திரம் பார்ப்பதற்காகக் கட்டிய நிலையம் அது. சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் அதை நட்சத்திர பங்களா என்பார்கள். பனி விலகிய மாதங்களில் வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கி வானத்தைப் படம் பிடிப்பார்கள். இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் தூக்கம். அதனால் அவர்களுக்குக் காலைப் பலகாரம் பிற்பகல் இரண்டு மணிக்கு. அங்கே மின்வேலை பார்த்தவர் என் அண்ணன் சக்கரவர்த்தி. வடக்கே அஸ்ஸாம்வரை இரண்டு வருடம் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் நான் அவருடைய குவார்ட்டர்ஸில் வந்து உட்கார்ந்திருந்தேன். செல்லியக்காவை அப்படித்தான் எனக்குத் தெரியும்.

காட்டுக்கு அந்தப் பக்கம் பத்துப் பன்னிரண்டு வீடுகள் உள்ள ஊர் அவளுடையது. வயது கேட்டால், "பெரிய மழையில ஏரி ஒடஞ்சுதே, அப்ப நான் தவழ்ந்துனு இருந்தேனாம்" என்பாள். முப்பது இருக்கலாம். புருஷன் சடையன். சாமை விதைக்கக் கொஞ்சம் நிலம், வரப்பில் நான்கைந்து புளியமரம். அறுவடையும் புளியும் முடிந்ததும், பங்குனியில், குடகிலிருந்து மேஸ்திரி லாரியோடு வருவான். ஊரில் பாதி வீடுகள் பூட்டிக்கொண்டு காப்பித் தோட்டத்துக்குப் போகும். செல்லியும் கல்யாணமான நாளிலிருந்து போய்க்கொண்டிருந்தவள்தான். அட்டைக்கடியும், தகரக் கொட்டகையில் ஆறு குடும்பம் சேர்ந்து படுப்பதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடித்தது ஒன்று இருந்தது. அது விடுதியின் சமையலறை. புகையில்லாத கேஸ் அடுப்பு, குழாயைத் திறந்தால் தண்ணீர், ஜன்னலைத் திறந்தால் அவளுடைய ஊர்ப் பாறை.

வேறு வழியில்லாமல் வடிவேலு சார் கரண்டியை அவளிடம் கொடுத்தார்.

"ஏம்மா செல்லி, இட்லி வருமா?"

"லட்சுமணன் அண்ணனுக்கு மாவு ஆட்டிக் குடுத்ததே நான்தான சாரு. அவரு ஊத்துவாரு, பேரு வாங்குவாரு."

"சரி, இப்ப நீயே ஊத்து. நாளைக்கு டென்மார்க்லருந்து ஒருத்தர் வர்றார். பங்குனி வரைக்கும் பார்ப்பேன். ஒழுங்கா இருந்தா உனக்கே நிரந்தரமா எழுதிப் போடறேன். இல்லன்னா கீழேருந்து ஆள் வரும். சொல்லி வெச்சிருக்கேன்."

நிரந்தரம் என்றால் வருஷம் முழுக்க வேலை. வருஷம் முழுக்க வேலை என்றால் குடகு இல்லை. அன்று மாலை செல்லியக்கா இட்லித் தட்டுகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் அவை கண்ணாடியாகிவிட்டன.

டென்மார்க்காரர் பெயர் ஹென்ரிக். நிலைப்படியில் குனிந்து நுழையும் உயரம். பேச்சு குறைவு, மரியாதை அதிகம். முதல் நாளே அவருக்கும் செல்லியக்காவுக்கும் நடுவில் யாரும் எதிர்பாராத சண்டை ஒன்று மூண்டது. இரண்டு பேருமே சிரித்துக்கொண்டே போட்ட சண்டை அது.

செல்லியக்காவின் ஊரில் சாப்பிடுகிறவரின் இலை காலியாக இருக்கக் கூடாது. காலியானால் போட வேண்டும். போதும் என்றால் சாப்பிடுகிறவர் இலைமேல் குறுக்கே கை வைக்க வேண்டும். ஹென்ரிக்கின் ஊரிலோ, சமைத்தவர் மனம் நோகாமலிருக்கத் தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டுமாம். அவர் தட்டைக் காலி செய்தார். அவள் போட்டாள். அவர் அதையும் காலி செய்தார். அவள் மகிழ்ந்துபோய் இன்னும் போட்டாள். நடுவில் அவர் "தேங்க் யூ, தேங்க் யூ" என்று கெஞ்சியதை அவள் பாராட்டு என்று நினைத்துக்கொண்டாள்.

"தொர நல்லா சாப்புடுறாரு" என்று சமையலறைக்குள் வந்து சொன்னாள். "பாவம், இன்னா பசியோ. கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

அன்று இருட்டியதும் ஹென்ரிக் தொலைநோக்கிக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். விடிந்ததும்தான் கண் விழித்தார். மேகமே இல்லாத ஒரு ராத்திரி, ஒரு படம்கூட எடுக்காமல் போய்விட்டது. காலையில் அண்ணன் இதைச் சொல்லும்போது சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வடிவேலு சாருக்குச் சிரிப்பு வரவில்லை.

"எத்தனை வேணும்னு கேட்டுப் போடும்மா! இங்கிலீஷ்ல கேளு. நாலு வார்த்தை கத்துக்க முடியாதா? இந்த மாதிரி இன்னொரு ராத்திரி போச்சுன்னா கீழேருந்து ஆளைக் கூப்பிட்டுடுவேன்."

அவர் போனதும் செல்லியக்கா என் பக்கம் திரும்பினாள். "பாப்பா, நீதான் ஊரு ஊரா சுத்தினவளாச்சே. அந்த நாலு வார்த்தை இன்னா, சொல்லு."

நாலு வார்த்தைதான் என்று நானும் நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். "எண்ண முடிஞ்சா மெனி. எண்ண முடியாதுன்னா மச். ஹவ் மெனின்னா எத்தனை. ஹவ் மச்னா எவ்வளவு. அவ்வளவுதான்க்கா."

"முட்டை?"

"மெனி."

"பாலு?"

"மச்."

"அரிசி?"

"மச்."

ஒரு கைப்பிடி அரிசியை அள்ளி முகத்துக்கு நேரே காட்டினாள். "இத்த எண்ண முடியாதா? குந்தினா சாயங்காலத்துக்குள்ள எண்ணிடுவேன்."

"எண்ணலாம்க்கா. ஆனா யாரும் எண்ணமாட்டாங்க."

"சரி, எண்ணறதுக்கு நேரமில்லாத சாமானெல்லாம் மச்சு. நட்சத்திரம்?"

"மெனி."

செல்லியக்கா அரிசியைக் கொட்டிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "கையில கீற அரிசிய எண்ண மாட்டாங்களாம், ஆகாசத்துல கீறத எண்ணுவாங்களாம்!"

பல்பு மாற்ற வந்த அண்ணன் ஏணிமேலிருந்து சொன்னார்: "அதுக்குத்தான் அவங்களுக்குச் சம்பளம்."

ரொட்டியில்தான் பெரிய வழக்கு வந்தது. துண்டு துண்டாக அறுத்து வந்த பொருளுக்கு எப்படி மச் வரும் என்று கேட்டாள். ரொட்டி என்று சொன்னால் மச், ரொட்டித் துண்டு என்று சொன்னால் மெனி என்றேன்.

"ஒரே சாமானுக்கு ரெண்டு பேச்சா? எங்க வூட்டுக்காரரு மாதிரி. அம்மா எதிர்ல ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு."

கொஞ்சம் என்று சொல்லவும் பாலுக்கு லிட்டில், முட்டைக்கு ஃபியூ என்றதும் ஆட்டுக்கல்லில் குழவியை நிறுத்திவிட்டாள். "கொஞ்சம்னா கொஞ்சந்தான? அதுலயுமா ரெண்டு கட்சி?"

இப்படியெல்லாம் கேலி பேசினாலும் பிடித்தால் விடுகிறவள் இல்லை. மாலையில் வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் கண்ணில் பட்டதையெல்லாம் பிரித்துக்கொண்டே போவாள். மரம் மெனி. புழுதி மச். ஆடு மெனி. ஆட்டுப்பால் மச். தேன்கூடு மெனி, தேன் மச். ஒருநாள் நானும் கூடப் போனேன். எதிரே விறகோடு வந்த சடையன் நின்று கேட்டார். பிறகு குறும்பாக, "ஏமே, பொண்டாட்டி மெனியா மச்சா?" என்றார்.

"உனக்கு ஒண்ணே அதிகம்யா. மூடினு நட."

அவருக்கு அது பிடித்துவிட்டது. ஊர்வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். வாசலை நெருங்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "பாஸாயிடுவாளா பாப்பா? மேஸ்திரி ஆள் கணக்கு கேட்டு அனுப்பியிருக்கான். நான் இன்னா சொல்றது?"

"பாஸாயிடுவாங்க அண்ணே" என்றேன். எனக்குச் சந்தேகமே இல்லை. சமையலறையில் நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் அவள் தவறிச் சொல்லவில்லை.

மறுநாள் இரண்டு மணிக்கு ஹென்ரிக் மேசையில் உட்கார்ந்தார். வடிவேலு சார் கதவோரம் நின்றார். செல்லியக்கா இட்லிப் பாத்திரத்தோடு போனாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ஹவ் மச் இட்லி?"

ஹென்ரிக் விழித்தார். கையை அகலமாக்கிக் காட்டினார், பிறகு குறுக்கினார். அவள் மனம்போலப் போட்டாள். அவர் மனம்போலச் சாப்பிட்டார். வடிவேலு சார் என்னைப் பார்த்த பார்வையில், சொல்லிக் கொடுத்த லட்சணத்தைப் பார் என்று இருந்தது.

அதற்கடுத்த நாள் சப்பாத்தி. "ஹவ் மச் சப்பாத்தி?" அதற்கும் அடுத்த நாள் வாழைப்பழம். வாழைப்பழத்துக்கும் மச். அடுப்புப் பக்கம் வந்தால் எல்லாம் சரியாகச் சொல்கிறாள். மேசைப் பக்கம் போனால் மெனி தொண்டையில் நின்றுவிடுகிறது. வடிவேலு சார் இதற்கு மேல் பொறுக்கவில்லை. "இட்லி எண்ணறதுக்குமா ஒருத்தி திணறுவா? வாரக் கடைசியில கீழே தகவல் சொல்லிடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கோபத்தோடு சமையலறைக்குள் போனேன். "அக்கா, இட்லிக்கு என்ன?"

"மெனி."

"அங்க ஏன் மச்சுன்னு சொன்னீங்க?"

செல்லியக்கா கையைத் துடைத்துக்கொண்டு, வெளியில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தாள். "தெரியாம இல்ல பாப்பா. வாய் வரல. சாப்புடறவங்க எதிர்ல எண்ணிக்கை எடுக்கமாட்டோம் நாங்க. எத்தினின்னு கேட்டா, நீ தின்னுறத நான் பாத்துனு கீறேன், போதும் எழுந்திருன்னு அர்த்தம். களி உருண்டைகூட இன்னொண்ணு போடட்டான்னு கேக்கமாட்டோம். மேல போடட்டான்னுதான் கேப்போம். எங்க கல்யாணத்துல, ஜமுனாமரத்தூர்லருந்து வந்த ஒருத்தன் தெரியாத்தனமா எங்க மாமனாரப் பாத்து, எத்தினி உருண்டை வெக்கறதுன்னு கேட்டுட்டான். இலைய அப்டியே மடிச்சுட்டு எழுந்து போய்ட்டாரு மனுசன். சம்மந்தி வூட்டுப் பக்கம் ஒரு வருசம் தலை வெச்சுப் படுக்கல."

"அவர் டென்மார்க்காரர்க்கா. அவருக்கு இதெல்லாம் தெரியாது."

"அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியுதே. கடல் தாண்டி வந்து என் கையால சாப்புடறாரு. அவரப் பாத்து நான் எத்தினின்னு கேக்கறதா?"

"அப்ப மச்சுன்னா பரவாயில்லையா?"

"மச்சுல ஒண்ணும் தப்பில்ல. எவ்ளோன்னாலும் போடறேன், நான் எண்ணலன்னு ஆச்சு. நல்ல வார்த்தை அது. வெள்ளைக்காரனுங்க எல்லாத்துக்கும் அதையே வெச்சிருக்கலாம்."

அவள் வடிவேலு சாரிடம் போய் இதைச் சொல்லமாட்டாள். நான் சொன்னாலும் அவர், மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். குடகு லாரி வந்து நிற்பது என் கண்ணில் தெரிந்தது.

அன்று பிற்பகல் போளூர் பஸ்ஸில் முட்டை வந்தது. செல்லியக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து, வைக்கோலை விலக்கி, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் அடுக்கினாள். வாய்விட்டு எண்ணினாள். முதல் முட்டைக்கு ஒன்று என்று சொல்லவில்லை, லாபம் என்றாள். தானியம் அளக்கும்போது சொல்வதுபோல. "லாபம், ரெண்டு, மூணு, நாலு..." வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்த ஹென்ரிக்குக்கும் கேட்கும் அளவுக்குச் சத்தம்.

"இப்ப மட்டும் எண்ணலாமா?" என்றேன். கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

"இது முட்டை பாப்பா. வேகற வரைக்கும் கோழியோடது. வெந்தாதான் சாப்பாடு. கோழியோடத எண்ணறதுக்கு..."

கையில் முட்டையோடு பேச்சைப் பாதியில் நிறுத்தினாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பாப்பா, வேகறதுக்கு முன்னாடி கேட்டா?"

பதிலுக்கு நிற்கவில்லை. நான் பின்னால் ஓடினேன். வாசலில் ஹென்ரிக் முன்னால் போய் நின்றாள். கூடையை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில், மலை எதிரொலிக்கக் கேட்டாள்:

"டுமாரோ! ஹவ் மெனி எக்ஸ்?"

ஹென்ரிக் தேநீரைக் கீழே வைத்தார். வந்த நாளிலிருந்து அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. இரண்டு விரலைக் காட்டினார். கண்ணில் தண்ணீர் வரவில்லை. சிரிப்பு வந்தது.

"இரு, இரு" என்று அவருக்குத் தமிழில் சொல்லிவிட்டு உள்ளே ஓடி, அன்று ஆட்டிய மாவை அண்டாவோடு தூக்கிவந்தாள். மூடியைத் திறந்தாள். "ஹவ் மச் மாவு?"

அவர் அண்டாவை எட்டிப் பார்த்தார். கரண்டியைப் பார்த்தார். அவள் கையை இட்லி அளவுக்குக் குவித்துக் காட்டினாள். புரிந்துவிட்டது. நான்கு விரலைக் காட்டினார். கொஞ்சம் யோசித்து ஒன்றை மடக்கினார். செல்லியக்கா தலையாட்டினாள். எண்ணிக்கையை அவர்தான் சொன்னார், அவள் சொல்லவில்லை. அதுவும் மாவுக்கு.

மறுநாள் தட்டில் மூன்று இட்லியும் இரண்டு முட்டையும் வைத்தாள். ஹென்ரிக் சாப்பிட்டு முடித்தார். தட்டு காலியானது. செல்லியக்காவின் வலது கை தானாகப் பாத்திரத்தை நோக்கிப் போனதையும், இடது கை அதைப் பிடித்து நிறுத்தியதையும் நான் பார்த்தேன். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். மூடிய பாத்திரம் ஒன்றை மேசை நடுவில் வைத்துவிட்டு உள்ளே வந்து, மேசைக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"வேணும்னா அவரே எடுத்துக்கட்டும். நான் பாக்கல" என்றாள்.

அதற்குப் பிறகு அதுவே விடுதியின் வழக்கமாகிவிட்டது. நான்கு மணித் தேநீர் நேரத்தில் செல்லியக்கா கூடையும் அண்டாவுமாக வாசலுக்கு வருவாள். விருந்தினர்கள் வரிசையாக மாவை எட்டிப் பார்ப்பார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், உருளைக்கிழங்கை அவரே பொறுக்கிக் கொடுத்தார். சப்பாத்திக்குப் பிசைந்த மாவை அவள் நீட்ட, ஹென்ரிக் அதைக் கிள்ளிப் பார்த்துத் தன் பங்கைக் காட்டினார். யாரும் நாற்காலியில் தூங்கவில்லை. குப்பைக் குழியில் சோறு விழவில்லை. நாய்களுக்குத்தான் வருத்தம்.

வடிவேலு சார் முதலில் முணுமுணுத்தார். "மேசையில கேக்கச் சொன்னா முந்தின நாளே கேக்கறா. அண்டாவைத் தூக்கினு அலையறா." ஆனால் கீழே தகவல் சொல்லவில்லை. ஹென்ரிக் கிளம்பும்போது அவரிடம் எதையோ நெடுநேரம் சொன்னார். நான் தூரத்தில் இருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. வடிவேலு சார், தன் சமையலையே யாரோ பாராட்டிவிட்டதுபோலக் கூச்சப்பட்டு நெளிந்ததைப் பார்த்தேன்.

பங்குனி பிறந்த வாரத்தில் குடகு லாரி வந்தது. நிலையத்துக்குக் கீழே, சாலை வளைவில் நின்று ஹாரன் அடித்தது. சடையன் இரண்டு மூட்டைகளோடு காலையிலிருந்தே அங்கே நின்றார். ஏறுவதா வேண்டாமா என்று செல்லியக்கா வந்து சொல்ல வேண்டும். செல்லியக்காவுக்கு வடிவேலு சார் சொல்ல வேண்டும். வடிவேலு சார் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"சாரு, லாரி வந்துடுச்சு."

"தெரியுது."

"இன்னா சாரு சொல்றீங்க?"

அவர் கன்னத்து நுரையைத் துடைத்தார். மறு கன்னத்தைப் பார்த்துக்கொண்டார். "உன் பேரை எழுதி அனுப்பிட்டேம்மா, போன வாரமே. ஆர்டர் எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. வர்ற வரைக்கும் தினக்கூலிதான். ஆனா வருஷம் பூரா உண்டு. எங்கயும் போக வேணாம்."

"இத்த போன வாரமே சொன்னா இன்னா சாரு!"

சொல்லிவிட்டு ஓடினாள். அந்தச் சரிவில் அப்படி ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை. ஈரக் கையோடு, இடுப்பில் செருகிய கரண்டியோடு. லாரி இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. சடையன் ஒரு காலை டயர்மேல் வைத்திருந்தார்.

"எறங்குய்யா!"

"மூட்டை ரெண்டும் மேல போயிடுச்சேமே!"

"மூட்டைதான போச்சு? நீ எறங்கு!"

அவளே தொற்றி ஏறினாள். மேலே உட்கார்ந்திருந்த ஊர்ப் பெண்கள் கைகொடுத்துத் தூக்கினார்கள். விஷயம் தெரிந்ததும் கூச்சல். "எங்களுக்கும் ரெண்டு இட்லி கட்டிக் குடுடி தொரசாணி!" என்று ஒருத்தி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். செல்லியக்கா மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே வீசினாள். முதல் மூட்டையைச் சடையன் பிடித்தார். இரண்டாவது அவரைச் சாய்த்துவிட்டது. அவர் புழுதியில் மல்லாந்து, மூட்டையைக் கட்டிக்கொண்டு, எழுந்திருக்க மனமில்லாமல் சிரித்துக்கொண்டே கிடந்தார். மேஸ்திரி மட்டும் திட்டிக்கொண்டு நோட்டில் இரண்டு பெயர்களை அடித்துவிட்டுக் கணக்கைத் திருத்தினான்.

நான் சித்திரையில் மலையை விட்டு இறங்கினேன். அதன் பிறகு வேறு வேறு ஊர்கள், வேறு வேறு வேலைகள். இடையில் இரண்டு தடவை அண்ணனைப் பார்க்கப் போனேன். செல்லியக்கா சமையலறையில்தான் இருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். ஃபிரெஞ்சுக்காரர் ஒருவரை மிளகு ரசம் குடிக்கப் பழக்கியிருந்தாள். ஆர்டர் வந்ததா என்று கேட்டால், "வருதாம் பாப்பா, நடந்து வருதாம்" என்பாள். வடிவேலு சார் ஓய்வு பெற்றுப் போனார். போகும்போதும் ஒருமுறை எழுதி அனுப்பிவிட்டுத்தான் போனாராம்.

1986 ஐப்பசியில் நான் பூனாவில் ஒரு அலுவலகத்தில் இருந்தேன். மழை நாள். டிரங்க் கால் என்று கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு ஏதோ என்று பயந்துகொண்டு ஓடினேன். இரைச்சலுக்கு நடுவில் அண்ணன் குரல், கத்திக்கொண்டிருந்தது.

"செல்லிக்கு ஆர்டர் வந்துடுச்சு! நிரந்தரம்! இப்பத்தான் வந்து கையெழுத்துப் போட்டா. இங்கயே நிக்கறா, போன்ல பேச வெக்கமாம். உங்கிட்டதான் மொத மொதல்ல சொல்லணுமாம், மாமியாருக்குக்கூட இன்னும் சொல்லலையாம்!"